ஆறு நாற்காலிகளின் தொட்டி

மீன் கடை வைத்திருந்தேன் என்று சொன்னால் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள். வறுக்கிற மீன் இல்லை, வளர்க்கிற மீன் என்று விளக்கினால், அதற்கெல்லாமா ஒரு கடை என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பத்தொன்பது வருடம் வைத்திருந்தேன். சுவர் முழுக்கத் தொட்டி, தரை முழுக்க ஈரம், கை முழுக்கப் பாசி வாசனை. சிறுநீரகம் இரண்டும் கைவிரித்த பிறகு வாளி தூக்க முடியவில்லை, கடையைக் கைமாற்றிவிட்டேன். இப்போது ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் எனக்கு அளவு. அதற்கு மேல் ஒரு மடக்கு குடித்தாலும் அது வெளியே போகாமல் காலில் இறங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். ஆயிரக்கணக்கான லிட்டருக்கு நடுவில் நின்றவளுக்கு அரை லிட்டர். அழுதாலாவது கொஞ்சம் தண்ணீர் வெளியேறும், ஆனால் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் சீக்கிரம் வருகிறது.

திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ் கூடத்தில் ஆறு நாற்காலிகளில் ஆறு பேர் சாய்ந்துகொள்வோம். கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியே ரத்தம் வெளியே போகும், மெஷினில் சுத்தமாகி மற்றதன் வழியே திரும்பி வரும். நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. எதிரே திரை போட்ட ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்கு மேலே ஒரு டி.வி. அந்த டி.வி.யில் சிறுநீரகத்தைப் பாதுகாப்பது எப்படி என்ற படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்," என்பார் இரண்டாம் நாற்காலிக்காரர். முப்பது வருடம் பஸ்ஸில் விசில் ஊதியவர். எங்களுக்கு அவர் கண்டக்டர்.

நான்காம் நாற்காலியில் இருந்தவர் போன வருடம் தவறிப்போனார். சில வாரம் கழித்து அவர் மகள் வந்தாள். "அப்பா இந்த ஜன்னல் திரையைத் திட்டாத நாளே இல்லை," என்று சொல்லி, நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை இரும்பு ஸ்டாண்டோடு கொடுத்துவிட்டுப் போனாள். கூடத்துக்குள் வைத்தால் கிருமி என்று சிஸ்டர் மறுத்துவிட்டார். திரையைக் கழற்றி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வராந்தாவில் வைத்தார்கள். சாய்ந்தபடியே பார்த்தால் தொட்டி நேர் எதிரே தெரிந்தது.

இனி என்ன மீன் விடுவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சண்டை மீனு விடுங்கக்கா," என்றார் கண்டக்டர். "வீரமா இருக்கும்."

"சண்டைக்கு நீங்க ஒருத்தர் போதும்," என்றேன்.

ஐந்தாம் நாற்காலி தையல்காரம்மாவுக்குக் கோல்டு ஃபிஷ் வேண்டும். "வாலு ஃப்ரில் வெச்சுத் தைச்ச மாதிரி இருக்குமே!" ஆறாம் நாற்காலியில் இருந்த தபால்காரருக்குக் குட்டிச் சுறா. புதிதாக நான்காம் நாற்காலிக்கு வந்தவர் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு இன்னும் ஊசியைப் பார்க்கவே பயம்.

கடையில் நான் பட்ட பாடு இதுதான். வருகிறவர்கள் எல்லாம் நிறத்தைப் பார்த்து வருவார்கள். சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, கோடு போட்டதில் ஒன்று என்று சேலை எடுக்கிற மாதிரி எடுப்பார்கள். ஒரு வாரத்தில் தொட்டியில் ஒன்றுதான் மிஞ்சும், அது நன்றாகக் கொழுத்திருக்கும். பிறகு வந்து, நீ விற்ற மீன் சரியில்லை என்று என்னிடம் சண்டை பிடிப்பார்கள். அதனால் என் கடையில் ஒரு வழக்கம் வைத்தேன். முதலில் நான் கேள்வி கேட்பேன். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி, தொட்டி எத்தனை லிட்டர், உள்ளே ஏற்கெனவே யார் யார், அவர்களுடைய வாய் எவ்வளவு பெரிது. பதில் திருப்தியில்லை என்றால் மீன் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களைக்கூட யாரும் இப்படிக் குடைந்ததில்லை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

"கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணி மீனும்மா," என்றேன் தையல்காரம்மாவிடம். "நாம வைக்கப்போறது வெதுவெதுப்பான தண்ணி. அதுவும் போக, அது தின்னுறதைவிடக் கழியறது ஜாஸ்தி. சுறாங்கற பேர்ல விக்கறது வளர்ந்தா ஒரு முழம் இருக்கும். சண்டை மீனு அழகான வாலைப் பார்த்தா, அது இன்னொரு சண்டை மீனுன்னு நினைச்சுக் கடிச்சு வைக்கும்."

"அப்ப எதைத்தான் விடலாம்?" என்று கண்டக்டர் முறைத்தார்.

"தண்ணி என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

தண்ணீர் ஒரு கதை. எங்கள் மெஷின்களுக்கு ஊர்க் குழாய்த் தண்ணீர் ஆகாது. பின்கட்டில் ஓர் ஆர்.ஓ. அறை இருக்கிறது. குழாய்த் தண்ணீர் முதலில் கரி வடிகட்டியில் குளோரினைத் தொலைக்கும், பிறகு ஆர்.ஓ.வில் உப்பையெல்லாம் தொலைக்கும். அந்த அறையைப் பார்த்துக்கொள்பவர் என் வயதுக்காரர், தண்ணிக்காரர் என்போம். ஒரு புதன்கிழமை நான் போனபோது தொட்டி பளபளவென்று நிறைந்திருந்தது. மனிதர் முகத்தில் அவ்வளவு பெருமை.

"உங்க ரத்தத்துக்குக் கொடுக்கற அதே தண்ணிக்கா. சொட்டு அழுக்கு கிடையாது."

தலையில் அடித்துக்கொண்டேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்தத் தண்ணீரில் ஒன்றுமே இல்லை. உப்பில்லை, சத்தில்லை, புளிப்பு ஏறினால் தாங்கிப் பிடிக்க எதுவுமில்லை. மீன் அதில் நாலு நாள் தாக்குப்பிடிக்காது. கால் பங்கைக் கொட்டிவிட்டு, கரி வடிகட்டியைத் தாண்டிய சாதாரணத் தண்ணீரை அதற்கு ஈடாகக் கலக்கச் சொன்னேன். நாக்கில் வைத்தால் மழைத் தண்ணீர் போல மென்மையாக இருந்தது. உடனே பாதி மீன்கள் என் பட்டியலிலிருந்து கழன்றுகொண்டன. கப்பி, மோலி எல்லாம் உப்பு நிறைந்த கடினத் தண்ணீர் கேட்கிற ஆட்கள். மென்மையான தண்ணீரில் நிம்மதியாக இருப்பது டெட்ராவும் கோரியும் கௌராமியும்தான். எங்களைப் பிழைக்க வைக்கிற தண்ணீர் யாரைப் பிழைக்க வைக்குமோ, அவர்கள்தான் எங்களுக்கு எதிரே இருக்கப்போகிறார்கள்.

அதன் பிறகும் நான் மீன் விடவில்லை. என் பழைய கடையிலிருந்து அழுக்குப் பிடித்த ஸ்பாஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி ஃபில்டருக்குள் வைத்தேன். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறும் தண்ணீரில் போடச் சொன்னேன். மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி. ஆஸ்பத்திரி மேனேஜர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "கண்ணுக்குத் தெரியாத மீனா?" என்று சிரிப்பார். அவருக்கு எதையும் உடனே திறந்துவைத்து ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும்.

"எதுக்குக்கா இந்தக் காத்திருப்பு?" என்று தையல்காரம்மாவும் கேட்டார்.

"மீன் கழியறது எல்லாம் விஷம். அதைத் தின்னு சுத்தம் பண்ற கிருமி ஃபில்டருக்குள்ள குடி வரணும். அதுக்கு ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள மீனை விட்டா, அது தன்னோட கழிவுலயே மூழ்கிச் செத்துப்போகும்."

கண்டக்டர் தன் மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அது தொட்டியோட கிட்னி."

அன்றிலிருந்து யாரும் அவசரப்படவில்லை. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டால், பச்சை என்றால் விஷம் இருக்கிறது, மஞ்சள் என்றால் இல்லை. சிஸ்டர் குழாயைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூக்கிக் காட்டுவார். ஆறு பேரும் தங்கள் ரத்தப் பரிசோதனையைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஐந்தாவது வாரம் மஞ்சள் வந்தது. நான்காம் நாற்காலிக்காரர் கை தட்டப் போய் ஊசியை இழுத்துக்கொண்டு சிஸ்டரிடம் திட்டு வாங்கினார்.

அடிமட்டத்தில் உலவ ஆறு கோரி. சின்ன மீசை வைத்த கெளுத்தி இனம், மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும், யார் வம்புக்கும் போகாது. நடுவில் பதினைந்து நியான் டெட்ரா, நீலமும் சிவப்பும் கோடிழுத்த சின்னஞ்சிறுசுகள். இவற்றை இரண்டு மூன்று என்று வாங்கக் கூடாது. கூட்டம் இல்லாவிட்டால் பயத்திலேயே நிறம் வெளுத்துவிடும். மேல்மட்டத்துக்கு ஒரு ஜோடி தேன் கௌராமி. "சண்டை மீனுக்குத் தம்பி முறை," என்று சொல்லிக் கண்டக்டரைச் சமாதானம் செய்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடவில்லை. வாரத்துக்கு ஒரு கூட்டம், நடுவில் சொட்டு மருந்துச் சோதனை. தையல்காரம்மா பின்பக்கத்துக்குக் கறுப்புத் துணி தைத்துக் கொடுத்தார். அந்தக் கறுப்பின் முன்னால் பதினைந்து கோடுகள் ஒன்றாகத் திரும்பும்போது, எனக்கு இரண்டு ஊசியும் மறந்துபோகும். இது எனக்கு மட்டும் இல்லை. ரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டும்போது அந்த நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் மீண்டு வருவதாகத் தபால்காரர் சொன்னார்.

மூன்று மாதம் ஒரு மீனும் சாகவில்லை. நாங்கள் ஆறு பேரும்கூட இருந்தோம்.

பிறகு ஒரு புதன்கிழமை மேனேஜர் கூடத்துக்குள் வந்து, கையைப் பிசைந்துகொண்டு, நல்ல செய்தி என்றார். ஆஸ்பத்திரிக்கு நிறையச் செய்திருக்கிற ஒரு பெரிய மனிதர் வீடு மாறுகிறாராம். அவர் வளர்த்த ஆஸ்கர் மீனை எங்கள் தொட்டிக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறாராம். வெள்ளிக்கிழமை காலை மீன் வரும், பத்து மணிக்கு அவரே வருவார், போட்டோ எடுப்பார்கள்.

"எவ்வளவு நீளம்?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஓர் அடி.

"முடியாது சார்."

"என்னம்மா முடியாது?"

"வாய்க்குள்ள நுழையறது எல்லாம் அதுக்குச் சாப்பாடு. மத்தியானத்துக்குள்ள தொட்டியில அது மட்டும்தான் இருக்கும்."

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா?"

"மாட்டோட பல்லைப் பார்க்க வேண்டாம் சார். மீனோட வாயைப் பார்த்துத்தான் ஆகணும்."

"அது ரொம்ப சாதும்மா. அஞ்சு வருஷமா அவங்க வீட்டுல ஒரு சண்டை கிடையாது."

"கூட யார் இருந்தாங்க?"

"யாரும் இல்லை. தனியாத்தான்."

"தனியா இருந்தா நான்கூட சாதுதான்."

கூடம் சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. வயிறு நிறையத் தீனி போட்டுவிட்டால் சின்ன மீனைத் தொடாது, போனில் பார்த்தேன் என்றார். வயிறு நிறைந்தாலும் வாய் சும்மா இருக்காது என்றேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஒரு மீனின் கழிவை இந்த ஃபில்டர் தாங்காது, ஃபில்டர் தாங்காவிட்டால் என்ன ஆகும் என்று இந்த அறையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வேண்டுமானால் மேனேஜர் தன் அறையில் தனித் தொட்டி வைத்து அதில் விடட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் முகம் கறுத்தது. "இங்க நீங்க வைத்தியத்துக்கு வர்றீங்க. வந்த வேலையை மட்டும் பாருங்க. எதை எங்க வைக்கணும்னு நிர்வாகத்துக்குத் தெரியும்."

எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. கையில் ஊசி, எழுந்திருக்க முடியாது. அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எடை பார்த்தபோது புதன்கிழமையைவிட மூன்றேகால் கிலோ கூட. அவ்வளவும் தண்ணீர். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. வராந்தாவில் மூடி போட்ட ஒரு வாளி இருந்தது. பக்கத்தில் சிவப்பு ரிப்பன் சுருள். கூடத்துக்குள் போய் என் மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்து, ஊசி போடுகிற இடது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் ஊசியோடு வந்தார். "கையைக் குடுங்கக்கா."

"மாட்டேன் சிஸ்டர். அந்த வாளி இங்கிருந்து போகட்டும். அப்புறம் தரேன்."

அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஊசியைத் தட்டில் போட்டார். "விளையாடாதீங்க. மத்தியான ஷிஃப்ட் ஃபுல். இன்னிக்கு விட்டா திங்கள்தான். அஞ்சு நாள் ஆயிடும். பொட்டாசியம் ஏறிச்சுன்னா இதயம் நின்னுடும், சொல்லிட்டு நிக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை அழைத்து வந்தார்கள். அவர் என் காலடியில் குனிந்து, கெஞ்சி, பிறகு கத்தினார். "முதலையும் மூர்க்கனும் கொண்டது விடான்னு சும்மாவா சொன்னாங்க! உனக்குப் புருஷன் வேணுமா, அந்த நியான் மீன் வேணுமா?"

"ரெண்டும் வேணும்," என்றேன்.

பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முன்னொரு முறை இரண்டு நாள் தள்ளிப்போய், மூச்சுக்குத் தவித்து, உட்கார்ந்தபடியே விடிய விடியக் கிடந்திருக்கிறேன். அந்த மூச்சுமுட்டல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

ஏற்கெனவே ஊசி போட்டிருந்த கண்டக்டர் சத்தம் போட்டார். "சிஸ்டர், எனக்கும் கழட்டுங்க!"

"வாயை மூடிட்டுப் படுங்க," என்று நான் அவரைவிடச் சத்தமாகச் சொன்னேன். "உங்களுக்கு நாலு கிலோ ஏறியிருக்கு. இது என் சண்டை."

மணி எட்டு அடித்தது. மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். சிகிச்சை மறுப்புப் படிவம். நோயாளி தன் விருப்பப்படி சிகிச்சையை மறுக்கிறார், விளைவுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் பயந்துவிடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.

"சொந்தக் காரணம்னு எழுதுங்க," என்றார்.

நான் பேனாவை வாங்கி, கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். 'ஆறு நோயாளிகள் ஐந்து வாரம் காத்திருந்து, தண்ணீர் பார்த்து, வாய் பார்த்துச் சேர்த்த இருபத்து மூன்று மீன்களையும், நகர முடியாத அந்த ஆறு பேரின் கண்ணெதிரில், புகைப்படத்துக்காக ஒரு பெரிய மீனுக்கு இரையாக்க நிர்வாகம் முடிவு செய்திருப்பதால்.'

அவர் படித்தார். "இதை எப்படிம்மா ஃபைல்ல வைக்கறது? பெரிய டாக்டர் பார்ப்பார்."

"பார்க்கட்டும்னுதான் கையெழுத்தைத் தெளிவாப் போட்டிருக்கேன்."

கீழே சாட்சிகள் என்று இரண்டு கோடு இருந்தது. "இங்க குடுங்க," என்று தையல்காரம்மா வலது கையை நீட்டினார். அவருக்குப் பிறகு கண்டக்டர். கோடு தீர்ந்துபோனதும் மற்ற மூவரும் வெற்றிடத்தில் போட்டார்கள். ஊசியைக் கண்டால் நடுங்குகிற நான்காம் நாற்காலிக்காரர் தன் பெயரை முழுதாக எழுதி அடிக்கோடும் போட்டார்.

மேனேஜர் காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "காகிதத்துல என்ன வேணா எழுதுங்க. மீனைத் தொட்டியில விடறதை யாரும் தடுக்க முடியாது." விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போனார்.

அந்தக் கூடத்தில் ஊசி இல்லாமல் இருந்த நோயாளி நான் ஒருத்திதான். எழுந்து பின்னாலேயே போனேன்.

அவர் வாளி மூடியைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கோபமெல்லாம் ஒரு நொடி எங்கே போயிற்றோ. கறுப்பும் ஆரஞ்சுமாக அவ்வளவு பெரிய உடம்பை மடக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. காற்றுக் குழாய்கூடப் போடாமல், இறுக்கி மூடிய வாளியில் ஒன்றரை மணி நேரம். நெஞ்சில் தண்ணீர் ஏறினால் நானும் இப்படித்தான் வாயைத் திறப்பேன்.

"செத்துக்கிட்டிருக்கு," என்றேன்.

"ஐயோ! அவர் பத்து மணிக்கு வந்துடுவாரே!" மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. "அதுக்குத்தான் சொல்றேன், உடனே தொட்டியில விட்டாத்தான் பிழைக்கும். நீங்களே பாருங்க!"

அவர் சொன்னது உண்மை. தொட்டி இரண்டு எட்டில் இருந்தது. விட்டால் இது பிழைக்கும், அந்த இருபத்து மூன்றும் போகும். விடாவிட்டால் என் கண்ணெதிரில் இது போகும். பத்தொன்பது வருடத்தில் காப்பாற்றக்கூடிய மீனை நான் சாகவிட்டதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேரும் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் வாளியின் கைப்பிடியைப் பிடித்தார். நான் தொட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

"தண்ணிக்காரரே!" என்று கத்தினேன். ஆஸ்பத்திரியில் கத்தக் கூடாதுதான். "ஆர்.ஓ. கழிச்சுத் தள்ளுற தண்ணி எங்க போகுது?"

அவர் பின்கட்டிலிருந்து ஓடி வந்தார். "பெரிய டிரம்லக்கா. அறுநூறு லிட்டர். தோட்டத்துக்கு விடுவோம்."

"கரி வடிகட்டியைத் தாண்டின தண்ணிதானே அது?"

"ஆமா, தாண்டித்தான் வருது."

குளோரின் இல்லை. நாங்கள் வேண்டாமென்று தள்ளிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கும், கடினமான தண்ணீர். டெட்ராவுக்கு ஆகாது. ஆஸ்கர் தாங்கும். அறுநூறு லிட்டரில் அது ஒரே ஆள், ஆளவும் செய்யலாம்.

"தூக்குங்க சார்," என்றேன்.

"எதை?"

"வாளியை. நான் கனம் தூக்கக் கூடாது. சீக்கிரம்!"

அவர் தூக்கினார். வேறு வழி? நீள வராந்தா முழுக்கத் தண்ணீர் அலம்பி அவர் கால்சட்டையை நனைத்தது, பாலிஷ் போட்ட ஷூ சளக் சளக்கென்றது. நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே, ஆடாம போங்க, வேகமா போங்க என்று இரண்டையும் சொல்லிக்கொண்டு போனேன். வாளித் தண்ணீரில் டிரம் தண்ணீரைக் குவளை குவளையாகக் கலக்க வைத்தேன். தண்ணிக்காரர் எங்கள் தொட்டியின் உபரிக் காற்றுப் பம்பைக் கொண்டுவந்து குழாயை உள்ளே போட்டார். கால் மணி நேரம் கழித்து வாளியைச் சாய்த்தோம். ஆஸ்கர் அடியில் போய்ப் படுத்தது. பிறகு ஒரு முறை வாலை வீசியது. பிறகு அந்த வட்டத்தைச் சுற்றி வர ஆரம்பித்தது.

மேனேஜர் சுவரில் சாய்ந்து நின்றார். "இப்பவாவது போய் உக்காருங்கம்மா."

"அந்தப் படிவத்துல ஒரு வரி எழுதணும். இனிமே அந்தத் தொட்டியில யாரைச் சேர்த்தாலும் ஆறு நாற்காலியையும் கேட்டுத்தான் சேர்ப்போம்னு."

"மணி எட்டே முக்கால்ம்மா. உங்க நேரம் போகுது."

"என் நேரம்தானே? போகட்டும். எழுதுங்க."

சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்து, ஈரக் கையால் எழுதினார். மையில் தண்ணீர் பட்டு ஓர் எழுத்து கரைந்தது. அதை மறுபடி எழுதச் சொன்னேன். காகிதத்தைக் கிழித்துப்போட்டு விஷயத்தை முடித்துவிடலாமே என்று கெஞ்சினார். முடியாது, நோயாளி கொடுத்த படிவம், ஃபைலில் போகட்டும் என்றேன்.

நான் போய்க் கையை நீட்டினேன். சிஸ்டர் ஊசியை வழக்கத்தைவிட அழுத்தமாகக் குத்தினார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. பத்து மணிக்கு அந்தப் பெரிய மனிதர் வந்து, ஆர்.ஓ. அறையில் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாராம். மீனுக்கு வசதியான இடம் பார்த்திருக்கிறீர்கள் என்று மேனேஜரைப் பாராட்டிவிட்டுப் போனாராம்.

பதினொன்றே காலுக்கு அடுத்த ஷிஃப்ட்காரருக்கு நாற்காலியை விட்டாக வேண்டும். எனக்குக் கிடைத்தது இரண்டே கால் மணி நேரம். அதில் இரண்டு கிலோ தண்ணீர்தான் எடுக்க முடிந்தது. "ஒண்ணேகால் கிலோ உள்ளேயே இருக்கு," என்றார் சிஸ்டர், எடை மெஷினைப் பார்த்தபடி. "திங்கள் வரைக்கும் தண்ணியை நாக்கை நனைக்கிற அளவுதான். ரெண்டு தலையணை வெச்சு உக்காந்தே தூங்குங்க. மூச்சு முட்டினா உடனே வரணும்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "படிவத்தை நானே ஃபைல்ல வெச்சுட்டேன்," என்றார்.

வாசலில் என் வீட்டுக்காரர் காத்திருந்தார். கண் சிவந்திருந்தது. "ஜெயிச்சுட்டியாக்கும். ஒரு தொட்டிக்காக இப்படியா உயிரைப் பணயம் வைப்பே?"

"எவ்வளவு குடிக்கணும், எதைத் தின்னணும், எந்த நாள், எந்த நேரம், எந்தக் கை, எல்லாத்தையும் அடுத்தவங்கதான் முடிவு பண்றாங்க. சரின்னு கேட்டுக்கறேன். யார் யாரோட சேர்ந்து இருக்கணும்கிறது ஒண்ணு எனக்குத் தெரிஞ்ச விஷயம். அதையும் விட்டுக்கொடுத்துட்டா, அந்த நாற்காலியில உடம்பு மட்டும்தான் உக்காந்திருக்கும்."

அவர் என் பையை வாங்கிக்கொண்டார். படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டப் பார்த்தேன். வீங்கிய பாதம் உள்ளே நுழையவில்லை. அவர் குனிந்து உதவ வந்தார், வேண்டாம் என்றேன். ஒன்றேகால் கிலோ தண்ணீரையும் சுமந்துகொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு தெருவில் இறங்கி நடந்தேன்.